சிஸ்டமேட்டிக் ரிவ்யூ செய்வதும் எடைபோடுவதும்: பிசிஜி சோதனைகளை முன்வைத்து

கேள்வி: சமூக மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறேன். களத்துக்குப் போக நேரம் இல்லாததால் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ ஒன்றைச் செய்து முடித்துவிடலாம் என்று கைடு சொல்கிறார். ஆறு மாதம் இருக்கிறது. எங்கே தொடங்குவது? ஏற்கெனவே வெளிவந்த ரிவ்யூக்களில் எதை நம்பலாம் என்று எப்படிக் கண்டுகொள்வது?

பதில்:

சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்பது ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடி, எடைபோட்டு, தொகுத்துச் சொல்வது. அது எப்படிச் செய்யப்பட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் அடுத்தவர் செய்ததில் எங்கே கைவைத்துப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதனால் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். எடுத்துக்காட்டு முழுக்க காசநோய்க்கு எதிரான பிசிஜி தடுப்பூசிதான். காரணம், அந்தச் சோதனைகளின் எண்கள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளின் மெட்டாஃபார் தொகுப்போடு 13 சோதனைகளின் தரவும் வருகிறது, நீங்களே போட்டுப் பார்க்கலாம். அவற்றில் மிகப் பெரியது நம் செங்கல்பட்டில் நடந்தது.

முதலில் அந்தச் சோதனை. 1968 முதல் 1971 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறக்குறைய 2,60,000 பேருக்கு பிசிஜி ஊசியோ போலி ஊசியோ போடப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து நடத்தியது. ஏழரை ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், நுரையீரல் காசநோயிலிருந்து ஊசி பாதுகாப்புத் தந்ததாகத் தெரியவில்லை. மெட்டா அனாலிசிஸில், அதாவது பல ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துப் பார்க்கும் கணக்கில், வரும் எண்கள் இவை: ஊசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்குக் காசநோய், போடாத 88,391 பேரில் 499 பேருக்கு. பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் நடந்த சோதனையில் ஊசி போட்ட 13,598 பேரில் 62 பேருக்கு மட்டுமே நோய் வந்தது, போடாத 12,867 பேரில் 248 பேருக்கு. அங்கே நான்கில் மூன்று பங்குக்கு மேல் தடுத்த ஊசி இங்கே ஒன்றுமே செய்யவில்லை. இரண்டுமே கவனமாக நடத்தப்பட்ட சோதனைகள். இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்து என்ன சொல்வது? அதற்குத்தான் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ. சராசரி எண் ஒன்றைக் கண்டுபிடிப்பது அதன் ஒரு சிறு பகுதி. சில ரிவ்யூக்களில் அந்தப் பகுதி தேவையே இல்லை.

கேள்வியை வகுப்பதில்தான் பாதி வேலை. "பிசிஜி வேலை செய்யுமா?" என்று தேடத் தொடங்கினால் தொலைந்தீர்கள். யாருக்கு, எதைக் கொடுத்து, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவுக்கு எதிராக என்று பிரித்துக்கொள்ள வேண்டும். பிகோ என்று வகுப்பில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். பிறந்த குழந்தைக்கா, பள்ளிச் சிறுவர்களுக்கா, டியூபர்குலின் என்ற தோல் சோதனையில் ஏற்கெனவே காசநோய்த் தொற்று காட்டிய பெரியவர்களுக்கா? நுரையீரல் காசநோயா, மூளைச்சவ்வுக் காசநோயா? 2006ல் வந்த ஒரு மெட்டா அனாலிசிஸ் குழந்தைகளின் மூளைச்சவ்வுக் காசநோய்க்கு எதிராக 73 சதவீதமும் உடலெங்கும் பரவும் மிலியரி காசநோய்க்கு எதிராக 77 சதவீதமும் பாதுகாப்பு இருப்பதாகக் கணக்கிட்டது. செங்கல்பட்டு முடிவு வந்த பிறகும் இந்தியாவில் பிறந்தவுடன் பிசிஜி போடுவது ஏன் தொடர்கிறது என்பதற்கு இதுதான் விடை. விளைவை மாற்றினால் பதிலே தலைகீழாக மாறுகிறது. ஆகவே விளைவு எது என்பதை முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.

அப்படி எழுதிவைப்பதுதான் புரோட்டோகால். எந்த வகை ஆய்வுகளைச் சேர்ப்பேன், முதன்மை விளைவு எது, எந்த உட்பிரிவுகளைத் தனியே பார்ப்பேன், எண்களை எப்படிச் சேர்ப்பேன் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். யார்க் பல்கலைக்கழகம் 2011ல் தொடங்கிய பிராஸ்பெரோ என்ற ரிவ்யூ பதிவேட்டில் தரவெடுப்பு தொடங்குமுன் பதிந்துவிடுங்கள், கட்டணம் கிடையாது. பதியும்போது இன்னொன்றும் தெரியவரும்: அதே கேள்வியை வேறொரு குழு எடுத்திருக்கிறதா என்று. பல மாணவர்கள் பதிவு எண் வாங்குவதைச் சடங்காக நினைக்கிறார்கள். என் பார்வையில் ரிவ்யூவின் நேர்மை நிற்பது இங்கேதான். சோதனை செய்பவருக்கு முடிவு முன்கூட்டித் தெரியாது. ரிவ்யூ செய்பவருக்கோ முக்கியமான ஆய்வுகளின் முடிவு பெரும்பாலும் முன்பே தெரியும். செங்கல்பட்டு முடிவு தெரிந்த ஒருவர் "பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவில்லை" என்று விதி வகுத்தால் அது விதியா, விருப்பமா? காரணத்தை முன்பே எழுத வைப்பதுதான் ஒரே காப்பு. இடையில் மாற்ற நேர்ந்தால் மாற்றலாம், தவறில்லை. எப்போது, ஏன் மாற்றினீர்கள் என்று கட்டுரையில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது தேடல். பப்மெட்டில் நான்கு சொல்லைப் போட்டுப் பார்ப்பது தேடல் ஆகாது. பப்மெட், எம்பேஸ், காக்ரேன் சென்ட்ரல் என்ற மருத்துவக் கட்டுரைத் தளங்கள் மூன்றும் அடிப்படை. எம்பேஸ் கட்டணத் தளம். உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் அது இருக்கும் நிறுவனத்து நூலகரை அணுகுங்கள். நூலகரைக் குழுவில் சேர்ப்பதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. மெஷ் என்ற பப்மெட்டின் பொருள் தலைப்புகளையும் தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சொற்களையும் எப்படிக் கோர்ப்பது என்பது தனிக் கைத்திறன், அது அவர்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு கருத்துக்கும் எத்தனை பெயர் உண்டு என்று பட்டியலிடுங்கள். நம் ஊர் ஆய்வுகளைத் தேடும்போது இது இன்னும் முக்கியம். ஒரே சோதனை ஒரு கட்டுரையில் செங்கல்பட்டு, இன்னொன்றில் சிங்கில்புட், வேறொன்றில் மெட்ராஸ், மற்றொன்றில் தென்னிந்தியா என்று வரும். 1979லும் 1980லும் முதல் முடிவுகள், 1999ல் பதினைந்தாண்டு முடிவு என்று பல கட்டுரைகள். இவையெல்லாம் ஒரே ஆய்வின் அறிக்கைகள். ரிவ்யூவின் அலகு ஆய்வு, கட்டுரை கிடையாது. இதைக் கவனிக்காமல் ஒரே மனிதர்களை இருமுறை எண்ணிவிட்ட மெட்டா அனாலிசிஸ்கள் உண்டு. அதற்கு மாறான குழப்பமும் வரலாம்: தென்னிந்தியாவில் மதனப்பள்ளியில் இன்னொரு பிசிஜி சோதனை நடந்தது, அது வேறு, இது வேறு.

டேட்டாபேஸ்களோடு நிற்காமல் பதிவேடுகளையும் பாருங்கள். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007ல் தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி பெறும் சோதனைகள் அதில் பதிய வேண்டும் என்று கட்டாயமானது. பதிந்தும் வெளிவராத சோதனைகள் அங்கேதான் அகப்படும். வெளிவராதவை ஏன் முக்கியம் என்பதற்கு டாமிஃப்ளூ கதை ஒன்று போதும். ஃப்ளூ காய்ச்சலுக்கான மருந்தான அது மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமாக இருந்தது 2003ல் வந்த ஒரு தொகுப்புக் கட்டுரை. அது சேர்த்த 10 சோதனைகளில் 8 முழுமையாக எங்கும் வெளிவராதவை. ஜப்பானியக் குழந்தை மருத்துவர் ஒருவர் 2009ல் இதைச் சுட்டிக்காட்டிக் கேள்வி எழுப்பினார். ரிவ்யூக்களைச் செய்யும் பன்னாட்டு அமைப்பான காக்ரேனின் குழு மருந்து நிறுவனத்திடமும் கட்டுப்பாட்டு அமைப்புகளிடமும் ஆண்டுக்கணக்கில் போராடி மூல அறிக்கைகளை வாங்கிப் படித்தது. 2014ல் வந்த முடிவு: பெரியவர்களுக்கு அறிகுறிகள் ஏறக்குறைய 7 நாளிலிருந்து 6.3 நாளாகக் குறைகின்றன, மருத்துவமனைச் சேர்க்கை குறைவதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை, குமட்டலும் வாந்தியும் கூடுகின்றன. அதற்குள் பிரிட்டன் அரசு மட்டும் 42 கோடியே 40 லட்சம் பவுண்டு செலவழித்து அந்த மருந்தைச் சேமித்து வைத்திருந்தது. ஒரு சின்னஞ்சிறு வினா, "அந்த எட்டும் எங்கே?" என்பது. அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது ரிவ்யூ செய்தவர்கள்.

தேர்வு செய்வதும் தரவெடுப்பதும் சலிப்பான வேலை, நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும், ஒத்துவராதபோது பேசித் தீர்க்க வேண்டும் அல்லது மூன்றாமவரிடம் போக வேண்டும். ரய்யான் போன்ற கருவி உதவும். முழுக் கட்டுரையைப் படித்தபின் ஒதுக்கிய ஒவ்வொன்றுக்கும் காரணத்தை அன்றைக்கே குறித்துவிடுங்கள். உரையாடும் செயற்கை நுண்ணறிவிடம் மேற்கோள் பட்டியல் கேட்டு வாங்காதீர்கள், இல்லாத கட்டுரைகள் அதில் இருக்கக்கூடும்.

ஒவ்வொரு ஆய்வின் உட்சார்பையும், அதாவது முடிவை ஒரு பக்கம் இழுக்கும் குறையையும், மதிப்பிடுவது அப்படியில்லை, அதற்கு நிதானம் வேண்டும். குலுக்கல் போல ஆட்களைப் பிரிக்கும் சமவாய்ப்புச் சோதனைகளுக்கு 2019ல் வந்த ராப் 2 கருவி ஐந்து தளங்களில் கேட்கிறது: பிரித்தது எப்படி, திட்டத்திலிருந்து விலகல் உண்டா, தரவு விட்டுப்போனதா, விளைவை அளந்தது எப்படி, பல முடிவுகளில் வேண்டியதைப் பொறுக்கிச் சொன்னார்களா. நம் 13 பிசிஜி சோதனைகளில் சமவாய்ப்பு முறையில் பிரித்தவை 7தான். மதனப்பள்ளி உட்பட இரண்டில் ஒருவர் விட்டு ஒருவருக்கு என்ற முறை, மீதி நான்கில் வேறு ஒழுங்குமுறை. ஒருவர் விட்டு ஒருவர் என்றால் அடுத்து வருபவர் எந்தப் பக்கம் போவார் என்று ஊசி போடுபவருக்குத் தெரிந்துவிடும். மெலிந்த குழந்தையைப் பார்த்து வரிசையை மாற்றத் தோன்றலாம். வேண்டுமென்றே யாரும் ஏமாற்ற வேண்டியதில்லை, கருணையே போதும். மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். 10க்கு 7 என்ற எண் எந்தக் குறை எந்தத் திசையில் முடிவை இழுத்திருக்கும் என்பதைச் சொல்வதில்லை.

இனி எண்களைச் சேர்ப்பது. மாணவர்கள் இங்கேதான் தொடங்க ஆசைப்படுவார்கள், பொத்தானை அழுத்தினால் ஒவ்வோர் ஆய்வின் முடிவையும் சராசரியையும் காட்டும் ஃபாரஸ்ட் பிளாட் படம் வந்துவிடும் என்பதால். எல்லா ஆய்வுகளிலும் உண்மை விளைவு ஒன்றே என்று கொள்ளும் நிலைவிளைவு மாதிரியில் அந்த 13 சோதனைகளையும் போட்டால் இடர் விகிதம் (போடாதவர்களோடு ஒப்பிட ஊசி போட்டவர்களுக்கு நோய் வரும் அளவு) 0.65 வருகிறது. விளைவு ஆய்வுக்கு ஆய்வு மாறும் என்று கொள்ளும் சமவாய்ப்பு விளைவு மாதிரியில் போட்டால் 0.49, அந்தச் சராசரியின் நிச்சயமின்மையைக் காட்டும் நம்பக இடைவெளி 0.34 முதல் 0.70 வரை. ஒரே தரவு, ஒன்று 35 சதவீதம் தடுக்கிறது என்கிறது, மற்றது 51 சதவீதம் என்கிறது. வேறுபாடு எங்கிருந்து வருகிறது? எடையிலிருந்து. முதல் மாதிரியில் மெட்ராஸ் (அதாவது செங்கல்பட்டு) சோதனைக்கு மட்டும் 41 சதவீத எடை. இரண்டாவதில் அது 10 சதவீதமாகச் சுருங்குகிறது. கனடாவில் 609 பேரிடம் நடந்த ஒரு சிறு சோதனைக்கு முதலாவதில் ஒரு சதவீதம்கூட இல்லை, இரண்டாவதில் 6 சதவீதத்துக்கு மேல். 609 பேருக்கு 6, ஒன்றேமுக்கால் லட்சம் பேருக்கு 10. ஆய்வுகளுக்கிடையே உண்மையான வேறுபாடு இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டால் சமவாய்ப்பு விளைவு மாதிரிதான் பொருந்தும், ஆனால் அது சிறு சோதனைகளின் கையை ஓங்கச் செய்கிறது என்பதை மறக்கக் கூடாது. சிறு சோதனைகள் நல்ல முடிவு வந்தபோதுதான் அதிகம் அச்சேறுகின்றன. மாரடைப்புக்கு மெக்னீசியம் கொடுப்பது பற்றி 1991ல் 7 சிறு சோதனைகளை, மொத்தம் 1,301 பேரை, சேர்த்துப் பார்த்தபோது இறப்பு பாதிக்கும் கீழே குறைவதாகத் தெரிந்தது. 1995ல் 58,050 பேரிடம் நடந்த ஐசிஸ் 4 சோதனையில் எந்தப் பலனும் தென்படவில்லை.

பிசிஜிக்குத் திரும்புவோம். 0.49 என்ற எண்ணை ரிவ்யூவின் முடிவாக எழுதலாமா? ஐ-ஸ்கொயர் 92 சதவீதம். அதாவது ஆய்வுகளிடையே நாம் காணும் வேறுபாட்டில் பெரும்பகுதி தற்செயலால் வந்ததல்ல. முன்கணிப்பு இடைவெளியைக் கேட்டுப் பாருங்கள்: 0.15 முதல் 1.55 வரை. புதிதாக ஓர் ஊரில் சோதனை நடத்தினால் 85 சதவீதம் தடுக்கவும் வாய்ப்புண்டு, ஒன்றும் தடுக்காமல் போகவும் வாய்ப்புண்டு என்று பொருள். நம்பக இடைவெளி சராசரியைப் பற்றிப் பேசுகிறது, முன்கணிப்பு இடைவெளி உங்கள் ஊரைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவ அதிகாரிக்குத் தேவைப்படுவது இரண்டாவது. வெளிவரும் ரிவ்யூக்களில் பலவற்றில் அது இருப்பதே இல்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

சராசரி எடுபடாதபோது ரிவ்யூ தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம், சுவாரசியமே அங்கேதான் தொடங்குகிறது. 1994ல் வெளிவந்த புகழ்பெற்ற பிசிஜி மெட்டா அனாலிசிஸ் "ஏன் வேறுபடுகிறது?" என்று கேட்டது. சோதனை நடந்த இடத்தின் அட்சரேகையும் ஆய்வின் தர மதிப்பும் சேர்ந்து வேறுபாட்டில் 66 சதவீதத்தை விளக்கின. பூமத்திய ரேகையிலிருந்து விலக விலகப் பாதுகாப்பு கூடியது. கனடா 55 டிகிரியில், நாம் 13ல். ஆனால் அட்சரேகை எதையும் செய்வதில்லை, அது வேறெதற்கோ அடையாளம். வெப்பமண்டல மண்ணிலும் நீரிலும் உள்ள மைக்கோபாக்டீரியாக்கள் உடலை முன்பே பழக்கிவிடுவதால் ஊசியால் கூடுதலாகச் செய்ய இடம் இல்லாமல் போகிறது என்பது ஒரு விளக்கம். 2014ல் வந்த அடுத்த பெரிய ரிவ்யூ அந்த விளக்கத்தைச் சோதிக்கும்படி கேள்வியைக் கூர்மையாக்கியது. டியூபர்குலின் சோதனையில் தொற்று இல்லை என்று கறாராக உறுதிசெய்த பள்ளிப் பிள்ளைகளிடம் இடர் விகிதம் 0.26, பிறந்த குழந்தைகளிடம் 0.41. முன்பழக்கம் இல்லாத உடலில் ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. இருபதாண்டு இடைவெளியில் இரண்டு ரிவ்யூக்கள், முன்னதை விடப் பின்னது மேலானது. அதற்குக் காரணம் நுணுக்கமான கணக்கு இல்லை, முந்தையது எழுப்பிய கேள்வியை அது எடுத்துக்கொண்டது.

இதைப் படித்துவிட்டு நீங்களும் பத்துக் காரணிகளைப் போட்டு, ஆய்வுகளின் வேறுபாட்டைக் காரணிகளால் விளக்கும் மெட்டா ரிக்ரெஷன் ஓட்டிவிடாதீர்கள். காரணி ஒன்றுக்குக் குறைந்தது பத்து ஆய்வாவது வேண்டும் என்பது காக்ரேன் கையேட்டின் அறிவுரை. நல்ல முடிவுகளே அச்சேறும் வெளியீட்டுச் சார்பைத் தேட உதவும் ஃபனல் பிளாட் படத்துக்கும் அதே பத்து. ஆறு ஆய்வை வைத்துக்கொண்டு ஃபனல் பிளாட் போட்டு "வெளியீட்டுச் சார்பு இல்லை" என்று எழுதுவது பொருளற்ற வாக்கியம்.

கடைசியாக, ஒவ்வொரு விளைவுக்கும் கிரேடு என்ற முறையில் ஆதாரத்தின் உறுதியை மதிப்பிடுங்கள். சமவாய்ப்புச் சோதனைகள் உயர்ந்த நிலையில் தொடங்கும், ஐந்து காரணங்களால் இறங்கலாம்: உட்சார்பு, முடிவுகள் ஒத்துப்போகாமை, கேள்விக்கு நேரடியாகப் பொருந்தாமை, துல்லியமின்மை, வெளியீட்டுச் சார்பு. விகிதத்தோடு ஆயிரத்துக்கு எத்தனை பேர் என்றும் எழுதுங்கள். பிரிட்டன் சோதனையில் ஆயிரம் பேருக்கு 19 பேர் என்றிருந்தது 5 ஆனது. நோய் அரிதான இடத்தில் அதே விகிதம் ஆயிரத்துக்கு ஒருவரைக்கூடக் காப்பாற்றாமல் போகலாம்.

இனி, அடுத்தவர் ரிவ்யூவைக் கையில் எடுக்கும்போது. ரிவ்யூவின் தரத்தை எடைபோடும் ஆம்ஸ்டார் 2 என்ற கருவி 2017ல் வந்தது, 16 கேள்விகள், அவற்றில் 7 உயிர்நாடி: முன்கூட்டிய புரோட்டோகால், போதிய தேடல், ஒதுக்கியவற்றின் பட்டியலும் காரணமும், உட்சார்பு மதிப்பீடு, சரியான புள்ளியியல் முறை, முடிவைச் சொல்லும்போது உட்சார்பைக் கணக்கில் கொண்டது, வெளியீட்டுச் சார்பு. இந்த ஏழில் ஒன்று தவறினாலும் நம்பகம் "குறைவு", ஒன்றுக்கு மேல் தவறினால் "மிகக் குறைவு". பிரிஸ்மா 2020 என்ற அறிக்கை வழிகாட்டியைப் பின்பற்றினோம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதன் 27 அம்சங்களும் எதையெல்லாம் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்பதற்கானவை. மோசமாகச் செய்ததை ஒளிவுமறைவின்றிச் சொன்னாலும் பிரிஸ்மா நிறைவேறிவிடும்.

நான் சுருக்கத்தைக் கடைசியில்தான் படிப்பேன். முதலில் பிராஸ்பெரோ பதிவுத் தேதியையும் அங்கே சொன்ன முதன்மை விளைவையும் கட்டுரையில் உள்ளதோடு ஒப்பிடுவேன். பிறகு கடைசியாகத் தேடிய தேதி. பிறகு ஃபாரஸ்ட் பிளாட்டில் அதிக எடை வாங்கிய ஓரிரு ஆய்வுகளை எடுத்து, மூலக் கட்டுரையில் அந்த எண்கள் அப்படியே இருக்கின்றனவா என்று நானே பார்ப்பேன். அரை மணி நேர வேலை, வேறெந்தச் சோதனையும் இவ்வளவு பலன் தந்ததில்லை. திட்ட விலக்கம் எழுத வேண்டிய இடத்தில் திட்டப் பிழையை எழுதிவிட்டதால் ஓர் ஆய்வு பூதாகாரமாகத் தெரிவது அடிக்கடி நடக்கிறது. மூல ஆய்வே பொய்யாக இருக்கவும் கூடும். கோவிட்டுக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் இறப்பு வெகுவாகக் குறைகிறது என்ற மெட்டா அனாலிசிஸ்களில் எகிப்திலிருந்து வந்த ஒரு முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் இட்ட கட்டுரை) பெரிய பங்கு வகித்தது. தரவிலேயே கோளாறு இருப்பது வெளிப்பட்டு 2021 ஜூலையில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அதை நீக்கியதும் அந்த முடிவுகள் ஆட்டம் கண்டன. அந்த ரிவ்யூக்கள் எண்களைச் சரியாகத்தான் கூட்டியிருந்தன.

ஆறு மாதத்தைப் பற்றி: பிராஸ்பெரோவில் பதிந்த ரிவ்யூக்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை, பதிவிலிருந்து வெளியீடு வரை சராசரியாக 67 வாரம் ஆவதாகக் காட்டியது. களத்துக்குப் போவதை விட இது எளிது என்ற எண்ணத்தை உங்கள் கைடோடு மரியாதையாகப் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆறு மாதம்தான் உண்டு என்றால் கேள்வியைக் குறுக்குங்கள்: ஒரு மக்கள் பிரிவு, ஒரு முதன்மை விளைவு, சமவாய்ப்புச் சோதனைகள் மட்டும். இல்லையென்றால் தேடல் பழையதாகிப்போன நல்ல ரிவ்யூ ஒன்றை எடுத்து, அதன் குழுவுக்கு எழுதிக் கேட்டுவிட்டு, புதுப்பியுங்கள். எதை எடுத்தாலும் இரண்டாவது ஆளை இந்த வாரமே பிடியுங்கள், உங்கள் துறையில் இன்னொரு மாணவருக்கும் இதே நெருக்கடி இருக்கும். முறையாகத் தேடியும் ஓர் ஆய்வுகூடத் தேறாவிட்டால் கலங்க வேண்டாம், அதையும் அப்படியே எழுதிச் சமர்ப்பிக்கலாம். ஃபாரஸ்ட் பிளாட் இல்லை என்பதற்காகப் பொருந்தாத ஆய்வுகளை மட்டும் உள்ளே இழுத்துவிடாதீர்கள்.